கிட் மாலுமியின் புதையலும் ரிங்லெட்டின் பதிவேடுகளும்: குடிவழித் தேடலில் பெயரும் ஆவணமும்

முன்னுரை

ரிங்லெட் வட்டாரத் தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் வரலாற்றைத் திரட்டும் பணியில் ஈடுபட்டிருந்தபொழுது, அவ்வூரில் தமிழாசிரியர்கள் சிலரோடு கலந்துரையாடும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அவர்களுள் ஒருவர் எழுப்பிய வினா இக்கட்டுரைக்கு வித்தாக அமைந்தது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர்த் தூக்கிலிடப்பட்ட கடற்கொள்ளையன் ஒருவனின் பிறப்பிடம் எது, தந்தை யார் என்பதை ஸ்காட்லாந்து நாட்டவரால் இன்றும் தேடிக் காண முடிகிறது. தம் பாட்டனார் தமிழகத்தின் எந்த ஊரிலிருந்து கப்பலேறினார் என்பதைத் தம்மால் அறிய முடியவில்லையே, ஏன் என்று அவர் வினவினார்.

அவர் குறிப்பிட்ட கடலோடி கேப்டன் வில்லியம் கிட். உலகின் பல தீவுகளில் புதையல் தேடுவோர் இன்றளவும் உச்சரிக்கும் பெயர் அது. அவனுடைய ஸ்காட்லாந்துக் குடிவழி எவ்வாறு கண்டறியப்பட்டது, புதையல் பற்றிய புனைவுகள் எவ்வாறு வளர்ந்தன என்பவற்றை முதற்கண் ஆராய்ந்து, அவ்வாராய்ச்சியிலிருந்து நம் தோட்டக் குடும்பங்களின் வரலாற்றுத் தேடலுக்குக் கிடைக்கும் பாடத்தை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பெயர் ஒற்றுமை குடிவழிக்குச் சான்றாகாது, ஆவணமே சான்று. ஆயின், அவ்வாவணத்தைப் பேணுவோர் இல்லையெனில் சான்றும் இல்லை என்பதே நம் கருத்து.

கிரீனக்கா, டண்டீயா?

கிட்டைப் பற்றிய பழைய நூல்கள் பலவும் அவன் கிளைடு ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய கிரீனக் என்னும் துறைமுக ஊரில் பிறந்தான் என்றும், அவன் தந்தை ஸ்காட்லாந்துத் திருச்சபையின் குருவானவர் என்றும் கூறிவந்தன. ஒருவர் எழுதியதை மற்றொருவர் எடுத்தாள, மறுக்க முடியாத உண்மைபோல் இது நிலைபெற்றுவிட்டது. ஆயின், அத்திருச்சபையின் குருமார் பட்டியல் விரிவாகத் தொகுக்கப்பட்ட ஒன்று. அக்காலக் குருமாருள் அப்பெயருடையார் எவரும் அதில் இடம்பெறவில்லை.

விடை வேறோர் இடத்தில் இருந்தது. 1690களின் நடுப்பகுதியில் இலண்டன் கடற்படை உயர்நீதிமன்றத்தில் வழக்கு ஒன்றில் சாட்சியம் அளித்த கிட், தான் டண்டீயில் பிறந்தவன் எனத் தானே கூறியிருந்தான். டண்டீ ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் உள்ள துறைமுக நகரம். இக்குறிப்பு வெளிப்பட்ட பின்னரே ஆய்வாளர்கள் அந்நகரப் பதிவுகளைத் துருவலாயினர். கடலோடிக் குடும்பம் ஒன்றில் பிறந்தவன் அவன் என்பதும், தந்தை மறைந்தபின் ஊர்ச் சங்கம் ஒன்று அக்குடும்பத்திற்குப் பொருளுதவி புரிந்தது என்பதும் அவ்வழியே தெரியவந்தன.

இங்கு நாம் கருத வேண்டியது ஒன்று. டண்டீ கிட் குடும்பம் அரச குடும்பமன்று. ஏழைக் கடலோடிக் குடும்பமே. ஆயினும், அறச்சங்கம் ஒன்றின் கணக்கேடு அதன் பெயரைத் தாங்கி நின்றது. ஸ்காட்லாந்தின் பழைய திருச்சபைப் பதிவேடுகளுள் மிகப் பழையது 1553ஆம் ஆண்டினது. 1855ஆம் ஆண்டு முதல் பிறப்பு, இறப்பு, திருமணம் ஆகியவற்றை அரசிடம் பதிவது அங்குக் கட்டாயமாயிற்று. ஏழையின் பெயரும் ஏடேறியதாலேயே இன்று அந்நாட்டவரால் தம் குடிவழியைத் தேட முடிகிறது.

கடாரத்தின் பெயர் தாங்கிய கப்பல்

நியூயார்க்கில் குடியேறிய கிட், 1691ஆம் ஆண்டு செல்வமிக்க கைம்பெண் ஒருவரை மணந்து மதிப்புடன் வாழ்ந்தவன். 1695ஆம் ஆண்டில் கடற்கொள்ளையரையும் பிரெஞ்சுக் கப்பல்களையும் பிடிப்பதற்கான அரச ஆணையை அவன் பெற்றான். அம்முயற்சிக்கு முதலீடு செய்தோருள் பெல்லமான்ட் பிரபு, இராபர்ட் லிவிங்ஸ்டன், ஆர்ஃபோர்டு பிரபுவாகிய எட்வர்டு ரசல் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர். இவர்களுள் லிவிங்ஸ்டன் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். உண்மையிலேயே குருவானவர் ஒருவரின் மகன்.

1696ஆம் ஆண்டு 'அட்வெஞ்சர் கேலி' என்னும் 34 பீரங்கிகள் கொண்ட கப்பலில் புறப்பட்ட கிட், மடகாஸ்கர் வழியாக இந்தியப் பெருங்கடலை அடைந்தான். நெடுநாள் பொருள் ஏதும் கிட்டாமையால் கப்பலில் கலகக்குரல் எழுந்தது. 1697 அக்டோபர் இறுதியில், வில்லியம் மூர் என்னும் பீரங்கியாளனை இரும்புப் பட்டையிட்ட வாளியால் அவன் தாக்க, அடிபட்டவன் மறுநாள் இறந்தான். 1698 ஜனவரி 30ஆம் நாள் கொச்சிக்கு அப்பால் 'குவேடா மெர்ச்சன்ட்' என்னும் பெருங்கப்பல் அவனிடம் அகப்பட்டது. வங்கத்திலிருந்து குமரிமுனையைச் சுற்றிச் சூரத் நோக்கிச் சென்றுகொண்டிருந்த அக்கப்பலில் பட்டும் மசுலினும் சர்க்கரையும் பிற சரக்குகளும் இருந்தன. ஆர்மீனிய வணிகர்களின் பொறுப்பில் சென்ற அச்சரக்கில் முகலாய அரசவைப் பெருமகன் ஒருவருக்கும் பங்கிருந்தது. அதன் தலைவன் ஆங்கிலேயன். பிரெஞ்சுக் கொடியைக் காட்டி கிட் நெருங்க, அவர்கள் பிரெஞ்சுக் கம்பெனி வழங்கிய அனுமதித் தாளை நீட்டினர். பிரெஞ்சுத் தாளுடைய கப்பலைப் பிடிக்கத் தனக்கு ஆணையுண்டு என்பதே கிட்டின் வாதம்.

அக்காலத்து ஐரோப்பிய நிலப்படங்களிலும் வணிக ஏடுகளிலும் கெடா என்னும் ஊர்ப்பெயர் 'குவேடா' என்னும் வடிவிலேயே எழுதப்பட்டது. முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி கூறும் கடாரமும் அதுவே. பதினேழாம் நூற்றாண்டில் நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை முதலிய துறைகளிலிருந்து தமிழ் முஸ்லிம் வணிகர்கள் கெடாவுக்கும் அச்சேவுக்கும் துணி ஏற்றிச் சென்று வணிகம் செய்தனர். ஒருகாலத்தில் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் பணியாற்றிய பேராசிரியர் சின்னப்பா அரசரத்தினம் அவர்களின் ஆய்வுகள் இவ்வணிகத்தை விரிவாக வெளிக்கொணர்ந்தன. எனவே, கிட்டின் கதையில் வரும் கப்பற்பெயர் நம் கடல்வணிக வரலாற்றை நினைவூட்டுவது இயல்பே. ஆயினும், பெயர் ஒரு குறிப்பேயன்றி முடிவன்று. அதே கப்பல் 'காரா மெர்ச்சன்ட்' என்னும் பெயராலும் ஆவணங்களில் சுட்டப்படுகிறது. பெயரை மட்டும் கொண்டு அக்கப்பல் கடாரத்துத் தமிழருடையது என்று எழுதப் புகுந்தால், நாமும் புதையல் தேடுவோர் வரிசையில் சேர்ந்துவிடுவோம்.

புதையல் இருந்ததா?

இருந்தது; ஆனால் அதில் மருமம் ஏதுமில்லை. 1699ஆம் ஆண்டு கரீபியக் கடலை அடைந்த கிட், தான் கொள்ளையன் என அறிவிக்கப்பட்டிருப்பதை அறிந்தான். கைப்பற்றிய கப்பலை அங்கேயே விட்டுவிட்டுச் சிறு கலத்தில் வடக்கே சென்று, நியூயார்க்கை அடுத்த கார்டினர் தீவில் தன் செல்வத்தின் ஒரு பகுதியைப் புதைத்தான். அதுவும் தீவின் உரிமையாளர் அறியவே புதைத்தான். அவன் 1699 ஜூலையில் பாஸ்டனில் கைதானவுடன் அப்பொருள் தோண்டியெடுக்கப்பட்டது. மீட்கப்பட்ட அனைத்திற்கும் அதிகாரிகள் பட்டியல் எழுதினர்: 1,111 அவுன்சு தங்கம், 2,353 அவுன்சு வெள்ளி, 41 பொதி துணிமணிகள், 57 மூட்டை சர்க்கரை எனப் பட்டியல் நீளுகிறது. சர்க்கரை மூட்டை வரை எண்ணி எழுதப்பட்ட ஒரு செல்வத்தையே உலகம் மூன்று நூற்றாண்டுகளாகத் தேடிக்கொண்டிருக்கிறது.

1701 மே மாதம் இலண்டனில் விசாரணை நடந்தது. பிரெஞ்சு அனுமதித் தாள்கள் இரண்டையும் கிட் முன்னரே பெல்லமான்டிடம் ஒப்படைத்திருந்தான். அவை இலண்டனுக்கும் அனுப்பப்பட்டிருந்தன. ஆயின், விசாரணையின்போது அவை கிடைக்கவில்லை. கொலைக்குற்றமும் கொள்ளைக்குற்றமும் உறுதிசெய்யப்பட்டு, 1701 மே 23ஆம் நாள் அவன் தூக்கிலிடப்பட்டான். முதன்முறை கயிறு அறுந்துவிழ, மீண்டும் தூக்கேற்றினர். இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அவ்விரு தாள்களும் இலண்டன் அரசு ஆவணக் காப்பகத்தில் வேறு தாள்களோடு கலந்து கிடந்தமை கண்டறியப்பட்டது. ரால்ஃப் பெயின் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1911ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில் இதனை உலகறியச் செய்தார்.

அத்தாள்கள் கிடைத்திருந்தால் கிட் தப்பியிருப்பானா என்பது வேறு வினா. பீரங்கியாளனின் கொலைக்கு அவை விடையாகா. அன்றியும், முகலாய அரசின் சினத்தைத் தணிக்கக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஒரு தண்டனை தேவைப்பட்டது. ஆயினும், ஒரு மனிதனின் தற்காப்புச் சான்று அழிந்துபோகவில்லை. இடம் மாறிக் கிடந்தது என்பது நம் நெஞ்சில் நிற்க வேண்டிய செய்தியாகும்.

பெயர் ஒற்றுமை என்னும் கண்ணி

ஆவணம் மறைந்த இடத்தில் புனைவு வளர்ந்தது. எட்கர் ஆலன் போ 1843இல் வெளியிட்ட 'தங்க வண்டு' என்னும் சிறுகதை கிட்டின் புதையலைக் கருவாகக் கொண்டது. ஸ்காட்லாந்தின் கலங்கரை விளக்கப் பொறியாளர் குடும்பத்தில் பிறந்த இராபர்ட் லூயி ஸ்டீவன்சன், 1883இல் நூலாக வெளிவந்த 'புதையல் தீவு' புதினத்தால் தீவு, வரைபடம், புதைத்த பொன் என்னும் மூன்றையும் உலகோர் மனத்தில் பிரிக்கவியலாதவாறு பிணைத்துவிட்டார். 1929ஆம் ஆண்டு முதல் ஹியூபர்ட் பாமர் என்னும் ஆங்கிலேயர், பழைய அறைகலன்களுக்குள் மறைத்து வைக்கப்பட்டிருந்த கிட்டின் தீவு வரைபடங்கள் தமக்குக் கிடைத்ததாக அறிவித்தார். கனடாவின் நோவா ஸ்கோஷியாவை அடுத்த ஓக் தீவில் 1795ஆம் ஆண்டு இளைஞர்கள் குழியொன்றைக் கண்டனர் என்னும் கதையோடும் கிட்டின் பெயர் ஒட்டிக்கொண்டது. அக்கதையோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் அச்சேறியது.

ஓக் தீவுக் கதையில் மற்றொரு ஸ்காட்லாந்துக் குடும்பமும் நுழைக்கப்பட்டது. ஆர்க்னித் தீவுகளின் பிரபுவாகிய ஹென்றி சின்கிளேர் 1398ஆம் ஆண்டிலேயே வட அமெரிக்கா சென்றார் என்பர். 1558இல் வெனிஸ் நகரில் அச்சான, நம்பகமற்றது என வரலாற்றாசிரியர்கள் ஒதுக்கிய ஒரு நூலே இதற்கு அடிப்படை. அந்நூலில் வரும் தலைவனின் பெயர் சின்கிளேருமன்று. எனினும், அத்தலைவனே சின்கிளேர் எனப் பிற்காலத்தார் ஊகித்தனர். அக்குடும்பத்தார் எழுப்பிய ராஸ்லின் தேவாலயத்தின் சிற்பங்களையும் சான்றாக்கினர்.

இவற்றுக்கு மாறாக, கள ஆய்வு அளித்த விடையை நோக்குவோம். 2007ஆம் ஆண்டு டொமினிக்கன் குடியரசின் கத்தலினா தீவுக் கரையோரம், ஆழங்குறைந்த நீரில் பீரங்கிகளின் குவியல் ஒன்று காணப்பட்டது. இந்தியானா பல்கலைக்கழகத்தார் ஆய்ந்தனர். மரம் தேக்கு எனவும், பலகைகள் பொருத்தப்பட்ட முறை இந்தியக் கப்பல் கட்டும் மரபினது எனவும் கண்டு, அதுவே 'குவேடா மெர்ச்சன்ட்' என முடிவுசெய்தனர். 2015ஆம் ஆண்டு மடகாஸ்கர் அருகே கிட்டின் வெள்ளிக் கட்டி எனப் பெரும் ஆரவாரத்துடன் எடுத்துக்காட்டப்பட்ட பொருளோ, யுனெஸ்கோ வல்லுநர் ஆய்வில் பெரும்பாலும் ஈயம் எனத் தெரியவந்தது. ஆய்வுக்கும் ஆரவாரத்திற்கும் உள்ள வேறுபாட்டை விளக்க இவ்விரு நிகழ்வுகளும் போதுமானவை.

ரிங்லெட்டுக்குத் திரும்புவோம்

தாப்பாவிலிருந்து மலையேறுவோர் முதலில் அடையும் ஊர் ரிங்லெட். அங்குக் காணும் பெயர்களும் இதே கண்ணியை விரித்து வைத்துள்ளன. மேட்டுநிலத்திற்கே 1885ஆம் ஆண்டு அங்குச் சென்ற நில அளவையாளர் வில்லியம் கேமரனின் பெயர் அமைந்துள்ளது. 1929ஆம் ஆண்டு போ தேயிலைத் தோட்டத்தை நிறுவிய ஜே. ஏ. ரசல், அதற்கு இலங்கையில் தேயிலை பயிரிட்டுத் தேர்ந்த ஏ. பி. மில்ன் என்பவரைத் துணைக்கொண்டார். மில்ன் என்பது வடகிழக்கு ஸ்காட்லாந்தில் பரவலாக வழங்கும் குடும்பப்பெயர். ஃபேர்லி என்னும் பெயருடைய தோட்டப் பிரிவும் அங்குண்டு. அதே பெயரில் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு சிற்றூரும் உண்டு. இனி, கிட்டுக்கு முதலீடு செய்தவருள் ஒருவர் எட்வர்டு ரசல். போ தோட்டத்தை நிறுவியவரும் ரசல். புதையல் தேடுவோரின் முறையைப் பின்பற்றினால், கிட்டின் பொன்னே ரிங்லெட்டில் தேயிலையாய்த் தளிர்த்தது என ஒரு நூல் எழுதிவிடலாம். சான்று மட்டும் இராது.

சான்று இருக்கும் இடம் எத்தகையது என்பதற்கு இலங்கையின் ஜேம்ஸ் டெய்லரை எடுத்துக்காட்டலாம். ஸ்காட்லாந்தின் கின்கார்டின்ஷயரிலிருந்து 1852இல் இலங்கை அடைந்த அவர், 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலையை வணிகப் பயிராக நட்டார். அவர் தம் வீட்டாருக்கு எழுதிய மடல்களைக் குடும்பத்தார் பேணினர். இன்று அவை எடின்பரோவில் ஸ்காட்லாந்துத் தேசிய நூலகத்தில் உள்ளன. அம்மடல்களை அடிப்படையாகக் கொண்டு 2017இல் ஒரு முழுநூலே வெளிவந்தது. அத்தோட்டத்தில் அவரோடு காடழித்துக் கன்று நட்ட தமிழர்களுக்கோ அவ்வாறான மடற்கட்டு எங்கும் இல்லை.

மலாயாவிலும் இந்நிலையே. கங்காணி முறையில் ஆள் சேர்த்த காலத்தில், 1907இல் அமைந்த குடியேற்ற நிதி கப்பற்கட்டணத்தை ஏற்றது. நாகப்பட்டினத்திலும் சென்னையை அடுத்த ஆவடியிலும் இருந்த முகாம்கள் வழியாகத் தமிழர் அனுப்பப்பட்டனர். 1923 முதல் மலாயாவில் இருந்த இந்திய அரசின் முகவர் ஆண்டறிக்கைகள் எழுதினார். 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற ஆள்சேர்ப்பைத் தடுத்தது. இவ்வளவும் நமக்குத் தெரியும். கெர்னியல் சிங் சந்து, அரசரத்தினம் போன்றோரின் நூல்கள் இவற்றைத் தெளிவுறக் கூறுகின்றன. ஆனால், அவ்வறிக்கைகளில் நம் முன்னோர் எண்ணிக்கையாக உள்ளனர், பெயராக இல்லை. கார்டினர் தீவின் சர்க்கரை மூட்டைகளும் எண்ணிக்கையாகவே உள்ளன என்பதை இங்கு எண்ணாதிருக்க இயலவில்லை.

பெயர் இருந்த ஏடுகளும் உண்டு. தோட்டத்துச் செக்ரோல், கிராணியின் பற்றுவரவுப் புத்தகம், தோட்ட மருத்துவமனைப் பதிவு, தமிழ்ப்பள்ளியின் மாணவர் சேர்க்கைப் பதிவேடு, தோட்டக் கோயிலின் நன்கொடைப் பட்டியல் ஆகியவை அவை. காலையில் பெரட்டுக்கு நின்ற ஒவ்வொருவரின் பெயரும் செக்ரோலில் ஏறியது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் பல தோட்டங்களின் ஏடுகள் அழிந்தன. சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மாண்ட தமிழருள் மிகப் பலருக்கு இறப்புப் பதிவும் இல்லை. போருக்குப் பின்னர்த் தோட்டங்கள் கைமாறியபொழுதும் துண்டாடப்பட்டபொழுதும் பழைய ஏடுகள் பயனற்றவை எனக் கழிக்கப்பட்டன. இன்று ரிங்லெட் வட்டாரத் தோட்டங்களில் கொழுந்து பறிப்போருள் பெரும்பாலோர் அயல்நாட்டுத் தொழிலாளர்கள். பழைய குடும்பங்கள் லயங்களைவிட்டு நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டன. பெயர்ந்தபோது தகரப்பெட்டியில் இருந்த தாள்கள் என்னவாயின?

இது வெறும் குடிவழி ஆர்வம் பற்றிய வினா அன்று. பிறப்புச் சான்றிதழ் இல்லாமையாலும், பெற்றோரின் திருமணம் பதியப்படாமையாலும், இந்நாட்டிலேயே பிறந்தும் குடியுரிமை பெற இயலாது அல்லற்பட்ட தமிழர் பலர் உளர். இரு தாள்கள் கைக்கெட்டாமையால் கிட்டின் வாதம் எடுபடவில்லை. ஒரு தாள் இல்லாமையால் நம் தோட்டத்துப் பிள்ளைகளுள் சிலருக்குப் பள்ளிக்கூடமும் வேலையும் எட்டாதனவாயின.

நம் தேடலுக்குரிய வழிகள்

ஆவணம் குறைந்த நிலையில் தேடுவது எங்ஙனம்? நம் பட்டறிவில் பயன் தந்த சிலவற்றை இங்குக் குறிப்பிடலாம். முதலாவது, கங்காணியின் ஊர். கங்காணிகள் பெரும்பாலும் தம் ஊரிலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்துமே ஆள் திரட்டினர். ஒரு லயத்தில் வாழ்ந்தோருள் ஒருவரின் ஊர் தெரிந்தாலும் ஏனையோரின் வட்டாரத்தை ஊகிக்க இடமுண்டு. இரண்டாவது, குலதெய்வம். பெயர் மறந்த குடும்பங்களும் குலதெய்வத்தை மறப்பதில்லை. மூன்றாவது, ஊருக்குப் பணம் அனுப்பிய அஞ்சல் பற்றுச்சீட்டுகள், பழைய கடவுச்சீட்டுகள், 1948இல் அவசரகாலத்தின்போது தொடங்கிய அடையாள அட்டைப் பதிவு ஆகியவை. நான்காவது, முதியோர் வாய்மொழி.

இவற்றுள் முதலிரண்டும் குறிப்புகளே. ஒரே பெயருடைய ஊர்கள் தமிழகத்தில் பலவுண்டு. ஒரே தெய்வமும் பல ஊர்களில் குடிகொண்டுள்ளது. கிரீனக்கில் பிறந்தவன் என்று பல தலைமுறை எழுதிவந்த பிழை, ஒரே ஒரு சாட்சிய ஏட்டால் திருந்தியதை நாம் மறத்தலாகாது. குறிப்பைக் கொண்டு தேட வேண்டும். ஏட்டைக் கொண்டு முடிவுசெய்ய வேண்டும். ஏடு கிட்டாதவிடத்து, இன்னார் இவ்வாறு கூறினார் என்று ஆண்டும் இடமும் குறித்து எழுதிவைத்தால், அதுவே நாளைய ஏடாகும்.

முடிவுரை

கிட்டின் வரலாற்றில் உண்மையான புதையல் எதுவென்று நோக்கின், டண்டீயின் சங்கக் கணக்கும், நீதிமன்றச் சாட்சியமும், இடம் மாறிக் கிடந்த இரு தாள்களுமே எனலாம். அவற்றைப் பேணியோர் எவரும் கிட்டின் பொருட்டுப் பேணவில்லை. அன்றாடக் கடமையாக எழுதினர். எழுதியதைக் கழிக்காது வைத்தனர்.

தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியர்களிடம் நாம் வேண்டுவது இதுவே. பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடு எங்குள்ளது எனத் தேடுங்கள். அதில் மாணவர் பெயரோடு தந்தை பெயரும் தோட்டப் பிரிவும் இருத்தல் கூடும். கறையான் அரிக்குமுன் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து ஒரு படியைப் பள்ளியிலும், ஒரு படியைத் தேசிய ஆவணக் காப்பகம் அல்லது பல்கலைக்கழக நூலகத்திலும் வையுங்கள். மாணவர்களைத் தம் பாட்டன் பாட்டியரிடம் ஊரும் பெயரும் கேட்டு எழுதிவரச் செய்யுங்கள்.

வினா எழுப்பிய ஆசிரியருக்கு அன்று நாம் முழுமையான விடை கூறவில்லை. ஸ்காட்லாந்து நாட்டவர் நம்மினும் திறமையாகத் தேடுகின்றனர் என்பதன்று காரணம். அவர்களுக்காக எவரோ எழுதிவைத்திருந்தனர் என்பதே காரணம். நமக்காக எழுதப்பட்டவற்றுள் எஞ்சியவை ரிங்லெட்டின் ஏதோ ஓர் அலமாரியில் இன்னும் இருத்தல் கூடும். அவற்றை நாமே சென்று தேடியாக வேண்டும்.